திருகோணமலை என்றொரு கப்பல்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலே ஹாட்ல்பூல் என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. அங்குள்ள பழைய கப்பற்றுறை ஒன்றில், மூன்று பாய்மரங்கள் தாங்கிய ஒரு மரப் போர்க்கப்பல் இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. அது கட்டப்பட்டு இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. மிதக்கும் நிலையிலுள்ள பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே. அரச கடற்படை அருங்காட்சியகத்தின் உடைமையாக, பள்ளிப் பிள்ளைகளும் பிரயாணிகளும் கட்டணம் செலுத்திப் பார்க்கும் காட்சிப் பொருளாக அது நிற்கின்றது. அதன் பெயர் 'திருகோணமலை'.

இச்செய்தியைக் கேட்கும் நம்மவர் நெஞ்சு சிறிது நிமிர்வது இயல்பே. நமது துறைமுகத்தின் பெயரைக் கடல் கடந்த நாட்டினர் போற்றி வைத்திருக்கின்றனர் என்று மகிழ்வோரும் உளர். ஆனால் வரலாற்றைக் கற்பிக்கும் கடமை பூண்டோர் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடல் இயலாது. அக்கப்பலை ஆக்கியவர் யார், அதன் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அதன் பீரங்கிகள் யாரை நோக்கித் திரும்பின, நமது ஊரின் பெயர் அதன்மேல் எவ்வாறு ஏறிற்று என்னும் வினாக்களை எழுப்பியே தீரவேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்படுவோர், ஒரு கப்பலின் கதை வழியே ஒரு பேரரசின் கதையைக் கண்டுகொள்வர்.

அரசர்களின் போர்க்கப்பல்கள் எப்பொழுதும் காடுகளைத் தின்றே வளர்ந்தன. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி பட்டம் ஏறியதும் கட்டத் தொடங்கிய 'மேரி றோஸ்' என்ற கப்பலுக்கு ஏறத்தாழ 600 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன என்று கணக்கிட்டுள்ளனர். 1511 ஆம் ஆண்டில் நீரிலிறங்கிய அக்கப்பல் வார்ப்பு வெண்கலப் பீரங்கிகளையும், அடித்து இணைத்த இரும்புப் பீரங்கிகளையும், நீண்ட விற்களையும் ஒருங்கே சுமந்தது. பழைய போர் முறையும் புதிய போர் முறையும் ஒரே தட்டில் நின்ற காலம் அது. 1545 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள், பிரெஞ்சுக் கப்பற்படையோடு பொருதுகையில், போட்ஸ்மத் துறைமுகத்தின் வாயிலிலே, மன்னன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அது சாய்ந்தது. திறந்து கிடந்த பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து, நூற்றுக்கணக்கான மாந்தரோடு அது மூழ்கிற்று. 437 ஆண்டுகள் சேற்றில் கிடந்த அதன் பாதியுடல் 1982 ஆம் ஆண்டு அக்டோபரில் மேலே தூக்கப்பட்டது.

மேரி றோஸ் மூழ்கினாலும் அது தொடக்கிவைத்த பசி அடங்கவில்லை. கப்பல்கள் பெருத்தன, பீரங்கிகள் பெருகின, காடுகள் அருகின. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வேண்டியிருந்தன. முற்றிய ஓக் மரம் ஒன்று வளர நூறாண்டுக்கு மேல் செல்லும்; அதனை வெட்ட ஒரு பகல் போதும். நெப்போலியனோடு நீண்ட போர் நடத்திய காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு மரத்தட்டுப்பாடு பெரும் நெருக்கடியாயிற்று. தன் நாட்டுக் காட்டைத் தின்று முடித்த பேரரசு பிறர் காட்டை நோக்கிக் கண் திருப்பிற்று. மலபாரும் பம்பாயும் திருகோணமலையும் ஒரே கதையில் வந்து இணைவது இவ்விடத்திலேதான்.

மரத்துக்கும் கப்பலுக்குமுள்ள உறவைத் தோப்பூரில் வாழும் எமக்கு வேறெவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எமது வயல்களுக்கு வடக்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. அதன் அப்பால் திருகோணமலைத் துறைமுகத்தின் வாயில். எம் பகுதியில் தச்சரை இன்றும் 'ஓடாவி' என்று அழைப்பாருண்டு. ஓடம் கட்டுவோன் என்னும் பொருள் அச்சொல்லிலேயே பதிந்து கிடக்கின்றது. இக்காடுகளில் வளரும் சாவண்டலை மரம், சிங்கள மக்கள் ஹல்மில்ல என வழங்குவது, வளையும் தன்மையும் வலிமையும் ஒருங்கே உடையது. சென்னைக் கரையில் அலைகளோடு மோதிச் சென்ற மசூலாப் படகுகளுக்கு அது விரும்பி வாங்கப்பட்டது. ஆங்கில மர வணிகர் அதனைத் 'திருகோணமலை மரம்' என்றே குறித்தனர். ஆகவே, திருகோணமலை என்னும் பெயர் போர்க்கப்பல் ஒன்றுக்குச் சூட்டப்படுமுன்பே, கப்பல் கட்டும் மரமொன்றின் பெயராகவும் கடல் கடந்திருந்தது.

ஆங்கிலேயர் இக்குடாவை அறிந்துகொண்ட கதையும் மரத்தோடு தொடர்புடையதே. 1659 ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலிற் சிக்கிய 'ஆன்' என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் நிறுத்தவும், உடன் கொணர்ந்த துணிகளை விற்கவும் அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. வந்தவர்களுள் தலைவர் உட்பட 16 பேரை 1660 இல் கண்டி மன்னன் இராசசிங்கனின் ஆட்கள் சிறைபிடித்தனர். அவர்களுள் ஒருவனாகிய றோபேட் நொக்ஸ் என்ற இளைஞன், ஏறத்தாழ இருபதாண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பியோடி, 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இலங்கையை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திற்று. ஒரு பாய்மரம் தேடி வந்த கப்பலோடு தொடங்கிய தொடர்பு, பின்னர் துறைமுகம் முழுவதையும் கேட்டு நின்றது.

அவ்வாறு கேட்டமைக்குக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரையில் பெரும் போர்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் எதுவுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் எழும்போது சென்னையின் முன் நங்கூரமிட்ட கப்பல்கள் அழிய நேரும். வங்கக் கடலின் மேற்கிலே எல்லாக் காலத்திலும் பாதுகாப்பளிக்கும் ஆழ்ந்த துறை திருகோணமலை ஒன்றே. இதனை உடையவர் கையிலேதான் இந்தியக் கடலின் திறவுகோல் இருக்கும் என்பதை எல்லா வல்லரசுகளும் உணர்ந்தன. போர்த்துக்கேயர் 1620 களில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 ஆம் நாள் கோட்டைக்கு அப்பாலுள்ள கடலில் இரு படைகளும் பொருதி, வெற்றி தோல்வியின்றிப் பிரிந்தன. 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1802 ஆம் ஆண்டின் ஆமியன்ஸ் உடன்படிக்கை அதனை அவர்களுக்கு உறுதியாக்கிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் இக்கரையில் வாழ்ந்த மீனவனையோ உழவனையோ எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

1782 ஆம் ஆண்டின் கடற்போரை நினைவுகூர்ந்தே கப்பலுக்குத் திருகோணமலை என்று பெயரிட்டனர் என்பர். போர் நடந்தது இரு அந்நிய அரசுகளுக்கிடையே. நமக்கு அதில் கிடைத்த பங்கு, களமாக இருந்தமை மட்டுமே.

இனி அக்கப்பலின் மரத்துக்கு வருவோம். 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து மலபாரைப் பெற்ற கம்பனி, அங்குள்ள தேக்கங்காடுகளின் பெறுமதியை விரைவிலேயே உணர்ந்துகொண்டது. மன்னரின் கடற்படைக்கு மலபாரிலிருந்து எவ்வளவு தேக்கு நிலையாகக் கிடைக்கும் என்று இலண்டனிலிருந்த கம்பனி இயக்குநர்கள் 1805 இல் வினவினர். மறு ஆண்டே, 1806 நவம்பரில், பொலிஸ் அதிகாரியாகிய கப்டன் வாட்சன் என்பவர் காடுகளின் காவலராக நியமிக்கப்பட்டார். இந்திய வரலாற்றில் அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. காட்டைக் காக்க வந்த முதல் அதிகாரி, பொலிஸ் படையிலிருந்து வந்தார் என்பது கருதத்தக்கது. தேக்கு மரத்தின்மேல் அரசுரிமை அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மரம் வெட்டிக் கலப்பை செய்தோரும், வீடு கட்டினோரும், வணிகம் செய்தோரும் ஒரே நாளில் அனுமதி கேட்டு நிற்கவேண்டியவராயினர். விறகுக்கும் உழவு கருவிக்கும் உரிமை இழந்த மக்களின் மனக்கசப்பு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. இறுதியில் சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1823 இல் அம்முற்றுரிமையை ஒழித்தார். ஆனால் அதற்குள் மலையோரத்து முதிர்ந்த தேக்குகளிற் பெரும்பங்கு மறைந்திருந்தது. வெட்டிய இடத்தில் நடுவதற்கு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடும் முயற்சி 1840 களிலேதான் தொடங்கிற்று. மலபார் ஆட்சியாளர் கொனொலியின் பெயரால் அத்தோட்டம் இன்றும் வழங்குகின்றது. விதையை முளைக்கவைத்து நாற்றை வளர்த்தெடுத்த சாத்து மேனோனை அறிந்தவர் சிலரே.

காட்டில் வீழ்த்தப்பட்ட மரத்தை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்துவரும். மழைக்காலத்து வெள்ளத்தில் அது மிதந்து கடற்கரைக்கு இறங்கும். அங்கிருந்து கடல்வழியாகப் பம்பாய்க்குச் செல்லும். தேக்கின் சிறப்பு அதன் எண்ணெய்ப் பசையில் உள்ளது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். கறையானும் உளுப்பும் எளிதில் அதனை அணுகா. ஓக் கப்பல்கள் சில பத்தாண்டுகளில் உளுத்துப்போக, பம்பாயில் கட்டிய தேக்குக் கப்பல்கள் நெடுங்காலம் நின்றன.

பம்பாய்க் கப்பல் கட்டுந்துறையின் வரலாறு வாடியாக் குடும்பத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1736 இல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரைக் கம்பனி பம்பாய்க்கு அழைத்துவந்தது. அவர் வழிவந்தோர் ஒன்றரை நூற்றாண்டு அத்துறையின் தலைமைத் தச்சராயிருந்தனர். அவருடைய பேரனாகிய ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, இளமையில் சாதாரணத் தச்சராக உழைத்துத் தொழில் பயின்று, 1792 இல் தலைமைத் தச்சரானார். 1810 இல் அவர் கட்டிய 'மிண்டன்', பிரித்தானியாவுக்கு வெளியே கட்டப்பட்டு அதன் கடற்படையில் முன்னணிப் போர் வரிசையில் நின்ற முதற் கப்பலாகும். 1813 இல் கட்டிய 'கோண்வாலிஸ்' என்ற 74 பீரங்கிக் கப்பலின் மேற்றட்டிலேதான், 1842 இல் சீனத்தின்மேல் திணிக்கப்பட்ட நான்கிங் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பம்பாய்த் தச்சனின் உளி செதுக்கிய பலகைமீது அபினிப் போரின் ஓலை எழுதப்பட்டது. வரலாறு இத்தகைய முரண்களால் நிறைந்தது.

திருகோணமலைக் கப்பலைக் கட்டும் ஆணை 1812 அக்டோபரில் பிறந்தது. அதன் அமைப்பு ஆங்கிலேயர் சொந்தமாகக் கண்டுபிடித்ததன்று. 1782 இல் அவர்கள் கைப்பற்றிய 'ஹேபே' என்ற பிரெஞ்சுக் கப்பலின் அளவுகளைப் பார்த்து வகுத்த 'லீடா' வகை வரைபடமே அது. அவ்வரைபடம் 'ஜாவா' என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டது. 1812 டிசெம்பரில் பிரேசில் நாட்டுக் கடலில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று ஜாவாவைத் தாக்கி அழித்தது. வரைபடமும் அதனோடு அழிந்தது. மறுபடியும் படி எடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. இத்தாமதங்களால் 1816 இலேதான் வேலை தொடங்கிற்று.

கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்தை எமது கரையோரத் தொழிலாளர் ஏராக்கட்டை என்பர். அதனை நிறுத்தும்போது பார்சிகளின் மரபுப்படி வெள்ளியாணி ஒன்று அறையப்பட்டது. ஏராவின் இரு பக்கத்திலும் விலா எலும்புகள் போல வளைமரங்கள் எழுந்தன. அவற்றின்மேல் பலகைகள் பொருத்தப்பட்டன. பலகை இடுக்குகளில் நாரும் கீலும் திணித்துக் கலப்பத்து அடித்தனர். அணியத்திலிருந்து அமரம் வரை பீரங்கித் தட்டு 150 அடி நீளமும், கப்பல் 40 அடி அகலமும் கொண்டது. 1,000 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவு உடையது. செலவு 23,000 பவுணைச் சிறிது தாண்டிற்று. 1817 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் அது நீரில் இறக்கப்பட்டது. பிரெஞ்சு அமைப்பும், மலபார் மரமும், சூரத்து வழிவந்த தச்சுத் திறனும், இலங்கைத் துறைமுகத்தின் பெயரும் ஒன்றுகூடி மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் உடைமையாயின.

அதே மாதங்களில் இலங்கையில் நடந்தது என்ன? 1815 இல் கண்டி அரசை உடன்படிக்கையால் விழுங்கிய ஆங்கிலேயரை எதிர்த்து, 1817 இன் இறுதியில் ஊவாவிலும் வெல்லசவிலும் பெருங் கிளர்ச்சி மூண்டிருந்தது. மறு ஆண்டு முடியுமுன் வயல்களும் குளங்களும் அழிக்கப்பட்டு அது அடக்கப்பட்டது. பம்பாயில் இலங்கையின் பெயர் தாங்கிய கப்பல் கொடியேற்றி நீரிலிறங்கிய வேளையில், இலங்கையின் கிராமங்கள் தீக்கு இரையாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்காத மாணவனுக்கு 1817 ஆம் ஆண்டு விளங்கியதாகக் கொள்ள முடியாது.

கப்பலின் படைக்கலங்களையும் அறிந்துகொள்ளல் நன்று. இவ்வகைக் கப்பலுக்கு வகுத்த கணக்கு 46 பீரங்கிகள். பிரதான தட்டில், பக்கத்துக்கு 14 ஆக, 18 இறாத்தல் குண்டெறியும் 28 நெடும் பீரங்கிகள். மேலே பின்தட்டில் 9 இறாத்தல் பீரங்கி 8, முன்தட்டில் 2. இவற்றோடு 32 இறாத்தல் குண்டெறியும் 8 கரொனேடுகள். கரொனேடு என்பது ஸ்கொத்லாந்தின் கரொன் இரும்பாலையில் பிறந்த குறும் பீரங்கி. எடை குறைந்தது, தூரம் எட்டாதது, ஆனால் அருகில் வந்த கப்பலின் பலகையைச் சிதறடிப்பது. பதினெட்டு இறாத்தல் பீரங்கி ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ளது. அதனைத் துடைத்து, மருந்திட்டு, குண்டு நிரப்பி, கயிற்றாலிழுத்து வாயிலுக்கு வெளியே நீட்டுவதற்கு ஒரு குழுவே வேண்டும். வெடிமருந்தைக் கீழறையிலிருந்து ஓடியோடிக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். இங்கிலாந்தின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். பேரரசின் பெருமை பேசப்படும்போது அச்சிறுவர்களும் நினைவிற்கு வரவேண்டும். சுரண்டல் கறுப்பரைக் கண்டு வெள்ளையரை விட்டதில்லை.

இத்தனை முயற்சியோடு கட்டிய கப்பல், கட்டப்பட்ட நோக்கத்துக்கு ஒருநாளும் பயன்படவில்லை. நெப்போலியன் 1815 இலேயே வீழ்ந்துவிட்டான். 1819 ஏப்ரலில் போட்ஸ்மத்தை அடைந்த திருகோணமலை, வழியில் அந்நெப்போலியன் சிறையிருந்த சென் ஹெலினாத் தீவில் சில நாள் தங்கிச் சென்றது. பிறகு கால் நூற்றாண்டு பாய்மரம் கழற்றப்பட்டுத் துறையிலேயே கட்டுண்டு கிடந்தது. 1845 இல் அதனை மாற்றியமைத்தனர். பீரங்கிகள் 26 ஆகக் குறைந்தன, ஆனால் அவற்றின் தாக்கும் வலிமை மிகுந்தது. 1847 இல் அது முதன்முறையாகப் பணிக்குப் புறப்பட்டது.

அப்பணி யாது? அமெரிக்கக் கடலில் அடிமை வாணிகக் கப்பல்களைத் தடுக்கும் காவலில் அது ஈடுபட்டது. இது நற்செயலே; அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அதே பயணத்தில், அடிமைகளே போராடி 1804 இல் விடுதலைக் குடியரசு நிறுவிய ஹெயிட்டியில் எழுந்த கலகங்களை அடக்கவும் அது துணைநின்றது. 1852 இல் அது பசிபிக் கடலுக்கு ஏவப்பட்டது. அங்கே, இன்று கனடாவின் பகுதியாகிய வான்கூவர்த் தீவில், திருகோணமலை என்னும் பெயர் என்றும் மறக்கத்தகாத ஒரு செயலோடு பிணைக்கப்பட்டது.

அத்தீவின் கௌவிச்சன் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் நிலத்திலே வெள்ளைக் குடியேற்றக்காரர் குடிபுகத் தொடங்கியிருந்தனர். 1856 ஆகஸ்டில் அவர்களுள் ஒருவன் சுடப்பட்டுக் காயமுற்றான். தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ், திருகோணமலைக் கப்பலையும் அதன் மாலுமிகளும் கடற்படை வீரருமாக 400 க்கு மேற்பட்டோரையும் பீரங்கிகளோடு கௌவிச்சனுக்கு இட்டுச் சென்றார். தத்லாசுத் என்னும் கௌவிச்சன் மனிதன் ஒப்படைக்கப்பட்டான். கடற்படை அதிகாரிகளே நடுவர்களாக அமர்ந்து விசாரித்தனர். அவ்விடத்திலேயே, அவனுடைய சுற்றத்தார் கண்முன்னே, அவனைத் தூக்கிலிட்டனர். சுடப்பட்டவன் காயத்தோடு தப்பினான். தூக்கிலிடப்பட்டவனுக்குத் தப்பும் வழி இருக்கவில்லை. நீதிமன்றம் செய்யவேண்டியதைப் பீரங்கிக் குழாய் செய்து முடித்தது.

அத்தீவுகளுக்கிடையே ஓடும் கடற்கால் ஒன்று அக்கப்பலின் நினைவாக 'திருகோணமலைக் கால்வாய்' என்ற பெயரோடு கனடாவின் கடல் வரைபடத்தில் இன்றும் விளங்குகின்றது. நம் மக்களில் இலட்சக்கணக்கானோர் அகதிகளாகவும் குடியேறியவர்களாகவும் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அவ்வரைபடத்தில் நமது ஊரின் பெயரைக் கண்டு வியக்கக்கூடும். அப்பெயர் அங்கே எவ்வாறு சென்றது என்பதை அவர்களுக்குச் சொல்வார் யார்? நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு மக்கள் கூட்டத்தாரிடம், நமது துறைமுகத்தின் பெயர் தூக்குக்கயிற்றோடு சேர்ந்து வந்து நின்றது. அடிமைப்பட்ட நாடொன்றின் பெயரைக் கொண்டே இன்னொரு நாட்டை அடிமைப்படுத்துவது ஏகாதிபத்தியத்தின் கைவந்த கலை. இலங்கையின் பெயர், மலபாரின் மரம், பம்பாயின் உழைப்பு எல்லாம் கௌவிச்சன் மக்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டன. இவற்றுள் எதனையும் கொடுத்தவர்கள் விரும்பிக் கொடுக்கவில்லை.

1857 க்குப் பின் கப்பல் போர்ப்பணியிலிருந்து ஓய்ந்து, சிறுவர்களைப் பயிற்றும் பள்ளியாயிற்று. 1897 இல் உடைத்து விற்பதற்கென ஏலம் போயிற்று. அவ்வாண்டில் தன் பயிற்சிக் கப்பலாகிய 'பூட்ரோயன்' புயலில் உடைந்து நிர்க்கதியான வீட்லி கொப் என்ற செல்வர் இதனை விலைக்கு வாங்கி, பழைய கப்பலின் பெயரையே இதற்குச் சூட்டினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் திருகோணமலை தன் பெயரையும் இழந்து நின்றது. 1932 முதல் அது போட்ஸ்மத் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டிருந்தது. 1982 இல் ஓக் மரத்தாலான மேரி றோஸ் அத்துறைமுகத்தின் வாயிலிலிருந்து மேலெழுப்பப்பட்ட நாளில், மலபார்த் தேக்கினாலாகிய கப்பல் வேற்றுப் பெயரோடு அருகிலேயே மிதந்துகொண்டிருந்தது. முன்னது நீருக்கு வெளியே தெளிநீர் தெளித்தும் மருந்து தெளித்தும் பல்லாண்டு காக்கப்படவேண்டிய பாதியுடல். பின்னது நீரிலேயே நிற்கும் முழுவுடல். 1987 இல் ஹாட்ல்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1992 இல் பழைய பெயரை மீளப்பெற்று, 2001 வரை நீண்ட திருத்தப் பணியால் அது புதுப்பொலிவு பெற்றது. அதன் உடலிற் பாதிக்கு மேற்பட்டது பழைய தேக்கே என்பர்.

நமது துறைமுகத்தின் கதையும் இதற்கிடையில் நெடுந்தூரம் நடந்தது. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படைக்குத் தளமாயிருந்தமையால் 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு அது இலக்காயிற்று. 1957 அக்டோபரில் பிரித்தானியக் கொடி இறங்கித் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் பீரங்கி ஒலி இக்கரையை விட்டு அகலவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் வாழ்ந்த மக்கள் எறிகணைகளுக்கு அஞ்சி, பிள்ளைகளைத் தோளிற் சுமந்து கந்தளாய் நோக்கி நடந்தனர். அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று எமது பல்கலைக்கழக மாணவர்கள். பீரங்கியின் வரலாறு அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இக்கதையை வகுப்பறையிற் கூறும் ஆசிரியர் முன்னே இரு பிழையான பாதைகள் திறந்திருக்கின்றன. ஒன்று, வெறும் பெருமிதப் பாதை. நமது பெயர், நமது மரம், நமது தச்சன் என்று மார்தட்டி, அக்கப்பல் என்ன செய்தது என்று கேளாமல் விடுவது. வாடியாக்களின் திறமையை நாம் போற்றவேண்டும். ஆனால் அத்திறமை வளர்த்தது யாருடைய ஆட்சியை என்பதையும் உடன் கூறவேண்டும். மற்றொன்று, வெறும் வெறுப்புப் பாதை. அந்நியன் கப்பல்தானே என்று முழுவதையும் ஒதுக்கித்தள்ளுவது. அவ்வாறு செய்தால் ஏராக்கட்டையை நிறுத்திய கைகளும், கலப்பத்து அடித்த கைகளும், மலையில் மரம் இழுத்த கைகளும் நம்மால் இரண்டாம் முறை மறக்கப்பட்டவையாகும்.

ஜம்ஷெட்ஜி வாடியாவைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. 1800 இல் தாம் கட்டிய வேறொரு கப்பலின் உட்புறத்து அடிமரத்திலே, எவர் கண்ணிலும் படாதவாறு, இதனைக் கட்டியவன் ஒரு கறுப்பன் என்ற பொருளில், ஆங்கிலேயரின் வசைச் சொல்லையே எடுத்து அவர் வெட்டிவைத்தார் என்றும், பல்லாண்டுக்குப் பின் கப்பலைப் பழுது பார்க்கையிலேதான் அது வெளிப்பட்டது என்றும் கூறுவர். தலைமைத் தச்சர், செல்வர், பரிசும் பாராட்டும் பெற்றவர். அவருக்கே தம் பெயரை இருளில் பொறிக்க வேண்டியிருந்ததெனின், அவர் கீழ் நாட்கூலிக்கு உழைத்த ஆயிரம் பேரின் பெயரை எங்கே தேடுவது?

தேடும் வழி ஒன்றுண்டு. கப்பலின் நீளமும் பீரங்கியின் எண்ணிக்கையும் படைத்தலைவரின் பெயரும் மட்டுமே வரலாறு என்று கற்பிக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். ஒவ்வொரு பலகையும் எந்த மலையிலிருந்து, யாருடைய உரிமையைப் பறித்து, யாருடைய தோளில் ஏறி வந்தது என்று மாணவரைக் கேட்கத் தூண்டுதல் வேண்டும். கௌவிச்சனில் தூக்கிலேறியவனும், நிலம்பூரில் நாற்று நட்டவனும், வெல்லசவில் வயலிழந்தவனும், பீரங்கித் தட்டில் மருந்து சுமந்த இங்கிலாந்துச் சிறுவனும் ஒரே பாடத்தில் இடம்பெறுதல் வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்னும் படகு கட்டும் முதிய ஓடாவிமார் இருக்கின்றனர். அவர்களுடைய அளவுகளையும் சொற்களையும் எமது மாணவர்கள் இப்பொழுதே சென்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அணியம், அமரம், ஏரா, கலப்பத்து என்னும் சொற்கள் அவர்களோடு மறைந்துவிடுமாயின், அவற்றை மீட்டுத் தர ஹாட்ல்பூலில் எவரும் இலர்.